பாட்டியின் தலையாட்டல் பேத்திக்கு எப்படி வந்தது?

கேட்டவர் ஒரு அம்மா. மகளுக்கு ஐந்து வயது. பிறந்ததும் வளர்வதும் ஜெர்மனியில். திருச்சிக்கு வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கைக்குழந்தையாக இருந்தபோது. ஆனால் "சரி" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அப்படியே பாட்டியைப் போலத் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறாள். கிண்டர்கார்டன் டீச்சர் அதை "வேண்டாம்" என்று எடுத்துக்கொள்கிறார். "இது ரத்தத்தில் வருவதா, பார்த்துப் பழகியதா? மனிதர்கள் வாய் திறக்காமல் பேசிக்கொள்வதெல்லாம் எங்கிருந்து வந்தது? பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான் என்கிறாரே என் கணவர், அது நிஜமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

உங்கள் மகளின் தலையாட்டல் பழக்கத்தில் வந்தது. ரத்தத்தில் வந்தது அல்ல. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "வாய் திறக்காமல் பேசிக்கொள்வதெல்லாம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. சிரிப்புக்கு ஒரு வரலாறு, தலையாட்டலுக்கு வேறொரு வரலாறு, விரல் நீட்டிக் காட்டுவதற்கு இன்னொன்று. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு தாமதமாகும் குழந்தைகளோடுதான் என் பகல் முழுக்கப் போகிறது. பேச்சுக்கு முன்னால் ஒரு குழந்தையிடம் என்னென்ன வருகிறது என்று பார்ப்பதே என் வேலை என்பதால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. பதில் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் பேச்சுத் தமிழில் புன்னகையையும் கலகலவென்று சிரிப்பதையும் "சிரிப்பு" என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். உயிரியல் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். நெதர்லாந்து ஆய்வாளர் யான் வான் ஹூஃப் 1972-இல் முன்வைத்த விளக்கம் இது. குரங்குகள் சத்தமில்லாமல் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டும். பல குரங்கினங்களில், பலசாலிக் குரங்கு கிட்டே வரும்போது இளைத்த குரங்கு இப்படிச் செய்கிறது. "உன்னோடு எனக்குச் சண்டை இல்லை" என்பதுதான் அதன் பொருள். சிம்பன்சியிடம் வரும்போது அது பயத்தோடு நிற்காமல் சமாதானத்துக்கும் நட்புக்கும்கூடப் பயன்படுகிறது. நம் புன்னகையின் வேர் அங்கே இருக்கிறது. வாய்விட்டுச் சிரிப்பதன் வேர் வேறு. குட்டிகள் கட்டிப்புரண்டு விளையாடும்போது வாயைத் தளர்வாகத் திறந்து "ஹ... ஹ..." என்று மூச்சிரைக்கும், அதுதான். 2009-இல் மரீனா டாவிலா ராஸ் குழுவினர் ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, பொனோபோ இவற்றின் குட்டிகளுக்கும் மனிதக் குழந்தைகளுக்கும் கிச்சுகிச்சு மூட்டி அந்த ஒலிகளைப் பதிவு செய்தார்கள். ஒலிகளின் ஒற்றுமையை வைத்து ஒரு வம்சாவளி போட்டால், மரபணுவை வைத்துப் போட்ட வம்சாவளியோடு அது ஒத்துப்போனது. அதாவது சிரிப்பு குறைந்தது 1 கோடி ஆண்டு பழைய சொத்து. தமிழுக்கும் ஜெர்மனுக்கும் மட்டுமல்ல, மொழி என்ற ஒன்றுக்கே முந்தியது.

"உதட்டளவில் சிரித்தான்" என்று நாம் சொல்கிறோமே, அதற்கும் தசையில் ஆதாரம் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் முகத்தசைகளுக்கு லேசான மின்சாரம் கொடுத்து எந்தத் தசை எதைச் செய்கிறது என்று பார்த்தார். உதட்டு ஓரத்தை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபடி இயக்கலாம். கண்ணைச் சுற்றி வளையமாக இருக்கும் தசை அவ்வளவு எளிதில் சொன்னபடி கேட்பதில்லை. அதனால்தான் கல்யாண ஆல்பத்தில் எது நிஜச் சிரிப்பு, எது போட்டோகிராபர் கேட்டதற்காகச் சிரித்தது என்று நம்மால் ஓரளவு கண்டுபிடிக்க முடிகிறது.

பத்து வருடம் கழித்து, 1872-இல், டார்வின் மனித உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அதற்காக அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். 16 கேள்விகளை அச்சடித்து உலகம் முழுக்க இருந்த பாதிரிமார்களுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பினார். ஆச்சரியப்படும்போது கண்ணும் வாயும் அகலமாகத் திறக்கின்றனவா, வெட்கத்தில் முகம் சிவக்கிறதா என்றெல்லாம் கேள்விகள். 36 பதில்கள் வந்தன. கடைசிக் கேள்வி உங்கள் கேள்விதான்: "ஆம்" என்பதற்குத் தலையை மேலும் கீழும், "இல்லை" என்பதற்குப் பக்கவாட்டிலும் அசைக்கிறார்களா? கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து ஜான் ஸ்காட் என்பவர் கவனித்து எழுதினார். இங்குள்ளவர்கள் "ஆம்" என்பதற்கு நேராகத் தலையசைப்பது குறைவு. தலையை இடமோ வலமோ பின்னால் சாய்த்து, பிறகு சாய்வாக ஒரு தடவை முன்னால் வெட்டுகிறார்கள் என்று. "இல்லை" என்பதற்கு நாக்கால் ஒரு சொடுக்கு ஒலி எழுப்புவதாகவும் வங்காளத்திலிருந்து தகவல் போயிருந்தது. அந்த ஒலிக்கு என்ன அர்த்தம் இருக்க முடியும் என்று தனக்கு விளங்கவில்லை என எழுதினார் டார்வின். நமக்கு விளங்கும். "இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் சொல்லும் அந்த "ச்சு" நமக்கு அத்தனை பழக்கம். முகத்தில் தோன்றும் பெரும்பாலான உணர்ச்சிகள் உலகப் பொது என்று முடிவு கட்டிய டார்வினுக்கே நம் தலையாட்டல் இடித்தது.

இந்த நூற்றாண்டுக்குப் பக்கமாக வந்தால் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன். 1967, 68-இல் அவரும் வாலஸ் ஃப்ரீசனும் பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் ஃபோரே மக்களிடம் போனார்கள். சினிமாவோ பத்திரிகையோ அண்டாத ஊர்கள். "இவருடைய குழந்தை இறந்துவிட்டது, ரொம்பத் துக்கமாக இருக்கிறார்" என்பது மாதிரி ஒரு சின்னக் கதை சொல்லி, மூன்று அமெரிக்க முகங்களின் போட்டோவைக் காட்டி, எது பொருந்தும் என்று கேட்டார்கள். மகிழ்ச்சி, துக்கம், கோபம், அருவருப்பு இவற்றைப் பெரும்பாலோர் சரியாக எடுத்தார்கள். பயத்தையும் ஆச்சரியத்தையும் மட்டும் குழப்பிக்கொண்டார்கள். இதை வைத்துத்தான் "ஆறு உணர்ச்சிகள் உலகம் முழுக்க ஒன்று" என்ற பேச்சு பாடப்புத்தகம்வரை போயிற்று.

நான் படித்த காலத்தில் இதைக் கேள்வியே கேட்காமல் மனப்பாடம் செய்தோம். இப்போது அப்படிச் சொல்லிக்கொடுப்பது தவறு என்று நினைக்கிறேன். 2016-இல் கார்லோஸ் கிரிவெல்லி குழுவினர் அதே பப்புவா நியூகினியில் டிரோப்ரியாண்ட் தீவுகளுக்குப் போனார்கள். கண் அகன்று, வாய் பிளந்து, மூச்சை உள்ளிழுக்கும் முகத்தைக் காட்டினார்கள். ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகள் அதைப் "பயம்" என்றார்கள். டிரோப்ரியாண்ட் பிள்ளைகளோ அதைக் கோபம், மிரட்டல் என்றார்கள். ஒரே முகம்தான். ஒரு ஊரில் பயந்தவனுடைய முகம், இன்னொரு ஊரில் பயமுறுத்துகிறவனுடைய முகம். தசை எல்லோருக்கும் பொது; அந்தத் தசை இழுபடும்போது என்ன அர்த்தம் என்பதில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. சிரிப்பில் அந்தப் பங்கு குறைவு, பயத்தில் கூடுதல்.

கண் தெரியாதவர்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் இன்னொருவருடைய முகத்தைப் பார்த்துப் பழகியிருக்க வழியே இல்லை. ஐபிள் ஐபெஸ்ஃபெல்ட் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர், பிறவியிலேயே கண்ணும் காதும் இல்லாத குழந்தைகளைப் படம் பிடித்தார். அவர்களும் சிரித்தார்கள், அழுதார்கள், கோபத்தில் காலை உதைத்தார்கள். இதைவிட என்னை உலுக்கியது 2008-இல் ஜெசிகா டிரேசியும் டேவிட் மாட்சுமோட்டோவும் வெளியிட்ட ஆய்வு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ், பாராலிம்பிக்ஸ் ஜூடோ போட்டிகளில் எடுத்த போட்டோக்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஜெயித்த வீரர்கள், பார்வை உள்ளவர்களானாலும் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களானாலும், ஒரே மாதிரி நெஞ்சை விரித்துத் தலையை உயர்த்திக் கையைத் தூக்கினார்கள். தோற்றவர்களின் தோள் குறுகியது, நெஞ்சு ஒடுங்கியது. ஒரு விதிவிலக்கு இருந்தது. தனிமனிதனுக்கே முதலிடம் தரும் மேற்கத்திய நாடுகளிலிருந்து வந்த, பார்வையுள்ள வீரர்கள் தோற்றபோது அந்தக் குறுகல் அவ்வளவாகத் தெரியவில்லை. அதே மாதிரி நாடுகளிலிருந்து வந்த, பிறவியிலேயே பார்வையில்லாத வீரர்களிடம் தெரிந்தது. தோற்றால் அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பார்வையுள்ளவர்கள் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறார்கள். பார்த்துக் கற்க வழியில்லாதவர்களிடம் உடம்பின் முதல் பதில் அப்படியே வந்துவிட்டது. உடம்பு கொடுப்பதையும் ஊர் அதன் மேல் போடும் மூடியையும் ஒரே படத்தில் காட்டிய ஆய்வு வேறு எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் தொல்காப்பியத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெய்யில் படுவது மெய்ப்பாடு என்று பெயர் வைத்து அது எட்டைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எக்மனுடைய ஆறில் பெருமிதம் கிடையாது. நம்முடைய பட்டியலில் இருக்கிறது, கல்வி, தறுகண், இசைமை, கொடை என்று அது பிறக்கும் இடங்களோடு. ஏதென்ஸ் போட்டோக்களில் நிமிர்ந்து நிற்பது அதுதான்.

பெருமிதத்தில் உடம்பு விரிவதும் தாழ்வில் உடம்பு குறுகுவதும் விலங்குகளிலிருந்தே வருவது என்றால், யார் முன்னால் யார் குறுக வேண்டும் என்பது மனிதர்கள் போட்ட சட்டம். நம் கிராமங்களில் சில தெருக்களில் தோளில் துண்டு போட்டு நடக்கக் கூடாது, அதை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு முதுகை வளைத்துத்தான் நிற்க வேண்டும் என்று ஒரு சாரார் தலைமுறை தலைமுறையாக நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். இதை வெறும் "பவ்யம்" என்று அழகாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. உடம்பிலேயே இருக்கும் ஒரு சைகையை எடுத்து, அதைப் பிறப்பைக் கொண்டு பங்குபோட்டுச் சட்டமாக்கியது சாதி. உடல்மொழியின் பண்பாட்டு வரலாறு என்றால் ஏதோ வேடிக்கையான சைகைகளின் தொகுப்பு என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இனி தலைக்கு வருகிறேன். "இல்லை" என்று தலையைப் பக்கவாட்டில் திருப்புவது எங்கிருந்து வந்தது என்பதற்கு டார்வின் சொன்ன விளக்கம், குழந்தை. வயிறு நிறைந்தபிறகு மார்பையோ ஸ்பூனையோ கொடுத்தால் குழந்தை முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளும். ரசம் சாதம் ஊட்டிய எவருக்கும் இது தெரியும். அழகான விளக்கம்தான், ஆனால் அது முழுசாக எடுபடவில்லை. ஏனென்றால் கிரேக்கர்கள் "இல்லை" என்பதற்குத் தலையைப் பின்னால் தூக்குகிறார்கள். பல்கேரியர்கள் "ஆம்" என்பதற்குப் பக்கவாட்டில் அசைக்கிறார்கள். இத்தாலியிலேயே ரோமில் ஒரு "இல்லை", தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் கிரேக்கர்களைப் போலத் தலையைத் தூக்கும் இன்னொரு "இல்லை". கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கர்கள் வந்து குடியேறிய பகுதி அது. அரசு, மொழி, மதம் எல்லாம் மாறிய பிறகும் அந்தத் தலை மட்டும் மாறவில்லை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். குழந்தையின் உடம்பில் முகம் திருப்பும் அசைவு இருக்கிறது, நிஜம். அதை மறுப்புக்கான அடையாளமாக எடுத்துக்கொள்வதா, வேறு எதையாவது எடுத்துக்கொள்வதா என்பதை அந்தந்த ஊர் தீர்மானித்திருக்கிறது.

நம்முடைய தலையாட்டலில் "ஆம்" மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். "கேட்டுக்கிட்டிருக்கேன்", "பரவாயில்ல", "பார்க்கலாம்", "சரி சரி, நீங்க சொல்றீங்க, என்ன செய்ய" இத்தனையும் அதில் உண்டு. வேகம், சாய்வு, கண் எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறோம். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் மகளும் அப்படித்தான் கற்றாள். பாட்டியிடமிருந்து மட்டும் அல்ல. நீங்களும் அப்படித்தான் ஆட்டுகிறீர்கள்; உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இது ரத்தமா என்ற கேள்வியை ஒருவர் நேராக எடுத்துச் சோதித்திருக்கிறார். 1930-களில் ஜெர்மனியில் நாஜிகள், ஒவ்வொரு இனத்துக்கும் அதன் ரத்தத்தோடு வரும் சைகைகள் உண்டு என்று "அறிவியல்" பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பொய் என்று நிரூபிக்க, நியூயார்க்கில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் வழிகாட்டலில் டேவிட் எஃப்ரான் என்ற அர்ஜென்டினாக்காரர் வேலையில் இறங்கினார். கூடவே ஸ்டைவசன்ட் வான் வீன் என்ற ஓவியர். இருவரும் தெருவிலும் சந்தையிலும் நின்று, பேசுகிறவர்களைக் கவனித்து வரைந்தார்கள், படம் பிடித்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, முன்கையை மட்டும் சின்னச் சின்ன வெட்டுகளாக ஆட்டினார்கள். எதிராளிக்குக் கிட்டே போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். தென் இத்தாலியிலிருந்து வந்தவர்கள் தோளிலிருந்து முழுக்கையையும் வீசி, காற்றில் பொருளையே வரைந்து காட்டினார்கள். ஆனால் அங்கேயே வளர்ந்து, மற்ற அமெரிக்கர்களோடு கலந்துவிட்ட அவர்களுடைய வாரிசுகளிடம் இந்த வித்தியாசம் கரைந்திருந்தது. ரத்தம் அதேதான், கை மாறிவிட்டது. 1941-இல் இது புத்தகமாக வந்தது. சைகை ஆராய்ச்சியில் இன்றைக்கும் நான் தலைவணங்கும் வேலை அது.

கணவர் சொன்ன 93 சதவீதத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லியும், வெவ்வேறு முகத்தோடு காட்டியும், பேசுகிறவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டார்கள். அதற்கு மட்டும்தான் அந்தக் கணக்கு: சொல்லுக்கு 7, தொனிக்கு 38, முகத்துக்கு 55 சதவீதம். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது. அவரே பின்னாளில் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 93 சதவீதம் நிஜமென்றால், நாம் இருவரும் ஒரு சொல்கூடத் தெரியாத மொழியில் பேசிப் பெரும்பகுதி புரிந்துகொள்ள முடிய வேண்டும்.

இப்போது என் அறையில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். பதினாலு மாதக் குழந்தை ஒன்று, பாயில் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் கம்பியில் காக்கா வந்து உட்காருகிறது. குழந்தையின் ஆள்காட்டி விரல் நீளுகிறது. "ஆ!" அதோடு நிற்கவில்லை. விரலைக் கீழே போடாமலே தலையைத் திருப்பி அம்மா முகத்தைப் பார்க்கிறது, மறுபடி காக்காவைப் பார்க்கிறது, மறுபடி அம்மாவை. "ஆமாண்டா, காக்கா!" என்று அம்மா சொன்னபிறகுதான் கை இறங்குகிறது. காக்கா வேண்டும் என்று அது கேட்கவில்லை. "நான் பார்ப்பதை நீயும் பார்" என்கிறது. அவ்வளவுதான் வேண்டும் அதற்கு.

அடுத்து வந்த குழந்தைக்குக் கிட்டத்தட்ட இரண்டு வயது. பிஸ்கட் டப்பா மேலே இருக்கிறது. அது அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டப்பாவின் பக்கம் கையைத் தூக்கிவிடுகிறது. முகத்தைப் பார்க்கவில்லை. காக்கா வந்தபோதும் விரல் நீளவில்லை. நான் நோட்டில் முதலில் குறித்தது இதைத்தான். எத்தனை சொல் பேசுகிறது என்பது அடுத்த வரி. ஏறக்குறைய ஒரு வயதில் வர வேண்டிய இந்தச் சுட்டல், ஒன்றரை வயதைத் தாண்டியும் வரவில்லை என்றால் வளர்ச்சியை ஒரு தடவை முறையாகப் பார்த்துவிடுவது நல்லது. "ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் பேசும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு மாதங்களை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உளவியலாளர் மைக்கேல் தொமசெல்லோ இந்தச் சுட்டு விரலில்தான் மனிதப் பேச்சின் ஆரம்பத்தைப் பார்க்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கூண்டில் வளரும் சிம்பன்சிகள் சாப்பாடு வேண்டும் என்று மனிதர்களிடம் கையை நீட்டிக் காட்டும். ஆனால் "அதோ பார், எவ்வளவு நன்றாக இருக்கிறது" என்று ஒரு சிம்பன்சி இன்னொரு சிம்பன்சிக்குக் காட்டுவது வழக்கமில்லை. நம் கண்ணின் வெள்ளையும் இதோடு சேர்ந்தது என்று ஒரு கருத்து உண்டு. 1997-இல் கோபயாஷி, கோஷிமா என்ற இரண்டு ஜப்பானியர்கள் பல குரங்கினங்களின் கண்களை ஒப்பிட்டுப் பார்த்து, மனிதக் கண்ணில்தான் வெள்ளை இவ்வளவு வெளியே தெரிகிறது என்றார்கள். நான் எங்கே பார்க்கிறேன் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். சில சிம்பன்சிகளுக்கும் வெளிறிய கண் உண்டு என்று பிறகு கண்டதால் இந்த வாதம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் கண்ஜாடை என்ற ஒன்று நம்மால் முடிகிறதே, அதற்கு அந்த வெள்ளை உதவுகிறது என்பதில் தவறில்லை.

சுட்டிக் காட்டும் ஆசை பிறவியில் வருகிறது. எதை வைத்துச் சுட்டுவது என்பதில் ஊர் புகுந்துவிடுகிறது. லாவோஸில் உதட்டைக் குவித்துச் சுட்டுகிறார்கள். நம்மிடம் பெரியவர்களை நோக்கி விரல் நீட்டினால் "என்ன பழக்கம் இது?" என்று அடி விழும், உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே கூகு இமிதிர் பேசும் மக்களிடம் இடது, வலது என்ற பேச்சே கிடையாது, எல்லாம் கிழக்கு, மேற்குதான். அங்கே ஒரு முதியவர் தன் படகு கவிழ்ந்த கதையை 1980-இல் ஜான் ஹாவிலண்டின் கேமரா முன் சொன்னார். இரண்டு வருடம் கழித்து அதே கதையை ஸ்டீபன் லெவின்சனிடம் சொன்னார். முதல் தடவை மேற்கு பார்த்து உட்கார்ந்திருந்தார், இரண்டாம் தடவை வடக்கு பார்த்து. படகு புரண்டதைக் கையால் காட்டியபோது, முதல் தடவை கை அவர் முன்னால் புரண்டு போனது, அடுத்த தடவை வலமிருந்து இடமாகப் புரண்டது. உடம்பு திரும்பிவிட்டது, படகு மட்டும் இரண்டு தடவையும் கிழக்கிலிருந்து மேற்காகத்தான் கவிழ்ந்தது. நம் ஊர்ப்பக்கத்துக்கும் இது அன்னியமில்லை. 1990-களில் எரிக் பெடர்சன் மதுரை வட்டாரத்தில் ஆய்வு செய்தபோது, கிராமத்தார் "வடக்க தள்ளி வை" என்றும், நகரத்தார் "வலது பக்கம் வை" என்றும் பேசுவதையும், சாமான்களை நினைவில் வைத்து மறுபடி அடுக்குவதிலும் அந்த வித்தியாசம் வருவதையும் பார்த்தார். இரு சாராரும் பேசுவது தமிழேதான்.

பேசும்போது கை ஏன் ஆடுகிறது என்று கேட்டால் "எதிரே இருப்பவருக்குக் காட்ட" என்போம். ஆனால் போனில் பேசும்போதும் ஆடுகிறதே! ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின் மெடோவும் 1998-இல், பிறவியிலேயே பார்வையில்லாத 12 பிள்ளைகளைப் பேசவைத்துப் பார்த்தார்கள். பார்வையுள்ள பிள்ளைகளைப் போலவே இவர்களும் கையை ஆட்டிப் பேசினார்கள், கேட்பவரும் பார்வையில்லாதவர் என்று தெரிந்தபோதும். பேச்சும் கையும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. ஆனால் அந்தக் கை எப்படி ஆட வேண்டும் என்பதை மொழி சொல்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் "உருண்டு இறங்கியது" என்பதைக் காட்ட, விரலைச் சுழற்றிக்கொண்டே கையைக் கீழே இறக்குவார். இரண்டும் ஒரே அசைவு. துருக்கி மொழி பேசுகிறவர் உருளுவதைத் தனியாகவும் இறங்குவதைத் தனியாகவும் காட்டுவார், அல்லது இறங்குவதை மட்டும் காட்டுவார். ஏனென்றால் துருக்கியில், நம் தமிழைப் போலவே, அதற்கு இரண்டு வினை வேண்டும். 2016-இல் வந்த ஆய்வு ஒன்றில், பிறவியிலேயே பார்வையில்லாத, துருக்கி மொழி பேசுகிறவர்களும் ஆங்கிலம் பேசுகிறவர்களும் அவரவர் மொழிக்காரர்களைப் போலவே கையை ஆட்டினார்கள். ஒருவருடைய கையையும் அவர்கள் பார்த்ததில்லை. காது வழியாகப் போன மொழி கையை வடித்திருக்கிறது.

மொழியே போகாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நிகரகுவாவில் 1977-இல் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். அதுவரை ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் தனியாக, வீட்டுச் சைகைகளோடு மட்டும் இருந்தவர்கள். டீச்சர்கள் உதட்டைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளோ விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் தங்களுக்குள் ஒரு சைகை மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகள் தொடங்கிவைத்ததை அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் இலக்கணமாக்கினார்கள். ஆன் செங்காஸ் குழுவினர் 2004-இல் எழுதியது இந்த "உருண்டு இறங்கியது" பற்றியேதான். முதலில் வந்தவர்கள் பெரும்பாலும், ஸ்பானிஷ் பேசுகிறவர்களின் கையைப் போல, இரண்டையும் ஒரே அசைவில் காட்டினார்கள். பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதை உடைத்து, "உருளு", "இறங்கு" என்று இரண்டு தனிச் சைகைகளாக வரிசையாக வைத்தார்கள். அதாவது, சொற்களாக்கிவிட்டார்கள். இதைச் செய்யும் திறன் குழந்தையிடம் இருக்கிறது. ஆனால் ஒற்றைக் குழந்தையால் அது நடக்கவில்லை. ஐம்பது பேர், நூறு பேர் என்று ஒரு கூட்டம் சேரும்வரை அந்தத் திறன் காத்திருந்தது.

உங்கள் மகளுக்கு வருகிறேன். நியூயார்க் மேயராக 1934 முதல் 1945 வரை இருந்த லா கார்டியா ஆங்கிலம், இத்தாலியன், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் மூன்றும் பேசுவார். அவர் பேசும் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டாலும், அந்த மூன்று மக்களின் பழக்கமும் தெரிந்தவர்கள் அவர் இப்போது எந்த மொழியில் பேசுகிறார் என்று சொல்லிவிடலாம் என்பார் பேர்ட்விசில் என்ற சைகை ஆய்வாளர். உங்கள் வீட்டிலும் அது நடக்க ஆரம்பித்திருக்கலாம். வீடியோ காலில் பாட்டியோடு பேசும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனை ம்யூட்டில் போடாமல், உங்கள் காதை மட்டும் மூடிக்கொண்டு தலையைக் கவனியுங்கள். பிறகு தோழியோடு ஜெர்மனில் விளையாடும்போது கவனியுங்கள். இரண்டு தலையும் ஒரே மாதிரி இருந்தால் அவள் இன்னும் வீட்டுத் தலையோடே வெளியே போகிறாள் என்று பொருள். ஒன்றிரண்டு வருடத்தில் தானாகப் பிரித்துக்கொள்வாள்.

தயவுசெய்து அதுவரை அவள் தலையைத் திருத்தாதீர்கள். டீச்சரிடம் மட்டும் போய், "எங்கள் வீட்டில் இதற்குச் 'சரி' என்று அர்த்தம்" என்று ஒரு தடவை நீங்களே ஆட்டிக் காட்டுங்கள்.